நீலச்சீட்டு

கல்யாணத் தரகர் பொன்னுரங்கம் இருநூறு சீட்டு கேட்டு வந்தபோது கோகிலவாணிக்கு முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. அவர் தரகர் என்பது அவளுக்கு அப்போது தெரியாது.

தண்ணீரில் ஈயம் இருக்கிறதா என்று காட்ட மூன்று வருடமாக அவள் செய்துகொண்டிருந்த சீட்டை, கடைக்காரர்களைத் தவிர, ஒரே சமயத்தில் இருபதுக்கு மேல் யாரும் கேட்டதில்லை. நகராட்சி கேட்கவில்லை. சுற்றுச்சூழல் அலுவலகம் கேட்கவில்லை. இலவசமாகத் தருகிறேன் என்று அவளே கொண்டுபோய்க் கொடுத்த பெட்டி, அந்த அலுவலகத்தில் ஆடுகிற மேஜைக்கு முட்டுக்கொடுக்கப் பயன்பட்டதைக் கண்ணாலேயே பார்த்திருக்கிறாள். இப்போது ஒரு மனிதர் தானாகக் கல்லூரிக்குத் தேடி வந்து இருநூறு வேண்டும் என்கிறார்.

"உக்காருங்க. எந்த ஊர்த் தண்ணியச் சோதிக்கப் போறீங்க? கிணறா, போரா?"

பொன்னுரங்கம் தடித்த டைரியை மடியில் வைத்துக்கொண்டு சிரித்தார். "தண்ணிக்கு எதுக்குங் மேடம்? நான் கல்யாணத் தரகனுங். பொண்ணுங்களுக்குத்தானுங்."

"பொண்ணுங்களுக்கா?"

"இப்பெல்லாம் சாதகம் பாத்த கையோட நீலச்சீட்டுத்தானுங் கேக்கறாங்க. பொண்ணோட ஒண்ணுக்குல முக்கி, செல்போன் ஊதா லைட்டுல காட்டோணும். நீலமா எரிஞ்சா தட்டு மாத்திக்கறாங்க. அணைஞ்சு போச்சுன்னா காப்பிகூடக் குடிக்காம எந்திரிச்சுப் போயர்றாங்க."

"யாரு உங்களுக்கு இப்படிச் செய்யச் சொன்னது?"

"நீங்கதானுங்" என்றார் அவர், கொஞ்சம்கூடக் கேலி இல்லாமல். செல்போனை எடுத்து நீட்டினார்.

திரையில் அவளுடைய முகமே பேசியது. "சின்ன வயசுலிருந்து ஈயம் கலந்த தண்ணி குடிச்ச பெண்ணோட எலும்புல அது தங்கிடும். அவ கர்ப்பமாகும்போது எலும்பிலிருந்து கரைஞ்சு குழந்தைக்குப் போகும். சிறுநீர்லகூட இந்தச் சீட்டு ஈயத்தைக் காட்டும்." அதோடு வீடியோ முடிந்துவிட்டது. இருபத்திரண்டு நிமிடம் பேசியவள் அவள். அந்தத் தண்ணீரை மாற்ற வேண்டும், சிகிச்சைக்கு வழி உண்டு, இதற்குப் பொறுப்பானவர்களைக் கேள்வி கேட்க வேண்டும் என்று அவள் தொண்டை வறளச் சொன்ன இருபத்தோரு நிமிடத்தை யாரோ வெட்டி எறிந்திருந்தார்கள்.

"இது தப்பு" என்றாள். "சத்து மாத்திரை சாப்பிட்டாக்கூடச் சில சமயம் அணையும். இத வச்சு ஒரு பொண்ணு உடம்பப் பத்தி எதுவும் சொல்ல முடியாது. மாப்பிள்ளைக்கும் பாக்கறாங்களா?"

"அவிங்களுக்கு எதுக்குங்? அவிங்களா புள்ளை பெறப் போறாங்க?"

சீட்டு தர முடியாது என்றாள். பொன்னுரங்கம் கோபப்படவில்லை. "பரவால்லீங். கடைவீதியிலயே கெடைக்குதுங். செஞ்சவங்க கையில நேரா வாங்குனா ஒரு நம்பிக்கைன்னு வந்தேன்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்தச் சீட்டு பிறந்ததே கிணத்துமேட்டு வீதிக்காகத்தான். மடைப்பாளையத்தின் கிழக்கு மூலையில் அறுபத்திரண்டு வீடுகள். அதற்குப் பின்னால் நான்கு தகரக் கொட்டகைகள். பழைய பேட்டரிகளை உடைத்து, உள்ளே இருக்கும் ஈயத்தை உருக்கி எடுக்கிற இடம். அந்த வீதிப் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் எழுத்துக்கூட்டி வாசிக்கவே சிரமப்படுவதையும், அடிக்கடி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு படுப்பதையும் பார்த்துத்தான், அரசுக் கல்லூரியில் வேதியியல் நடத்திக்கொண்டிருந்த கோகிலவாணி இந்த வேலையில் இறங்கினாள்.

கல்யாண மண்டபங்களிலும் பேருந்து நிலையத்திலும் வீசியெறிந்த தண்ணீர் பாட்டில்கள்தான் மூலப்பொருள். அவற்றைச் சேகரித்துத் தர வந்தவர் நாகமணி. நகராட்சியில் ஒப்பந்தத் துப்புரவு வேலை பார்த்தவர். கிணத்துமேட்டு வீதியிலேயே முப்பது வருடமாகக் குடியிருப்பவர். முதல் நாள் கல்லூரியின் பழைய சைக்கிள் கொட்டகையில் நின்று அவர் கேட்டது கோகிலவாணிக்கு இன்னும் நினைவிருக்கிறது.

"ஏனுங் மேடம், இந்தக் குப்பைய என்னதான் பண்றீங்?"

"குக்கர் மாதிரி ஒரு பாத்திரத்துல அழுத்தத்துல வேக வைக்கிறேங்க. பிளாஸ்டிக் கரைஞ்சு துகளாயிரும். உங்க தலைமுடிய நெடுக்க பத்தாயிரமாப் பிளந்தா ஒரு இழை என்ன கனம் இருக்குமோ, அவ்வளவு சின்னத் துகள். ஊதா வெளிச்சத்துல அது நீலமா ஒளி விடும். தண்ணியில ஈயம் இருந்தா ஒளி அணைஞ்சிரும்."

நாகமணி ஒரு பாட்டிலை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "காசு குடுத்து நல்ல தண்ணி குடிச்சவன் போட்ட பாட்டிலு. எங்க தண்ணி கெட்டதுன்னு அதுதான் சொல்லோணுமாக்கும்" என்றார்.

பிறகு அவரே எட்டுப் பெண்களைச் சேர்த்துக்கொண்டு வந்தார். எல்லோரும் அதே வீதி. பாட்டில் கழுவுவது, நறுக்குவது, கரைசலில் சீட்டை முக்கிக் காயப்போடுவது, ஐம்பது ஐம்பதாகக் கட்டுவது என்று கொட்டகை களைகட்டிவிட்டது. அறுபத்திரண்டு வீட்டுத் தண்ணீரையும் சோதித்தார்கள். அறுபத்திரண்டு சீட்டும் அணைந்தன.

கோகிலவாணி சுற்றுச்சூழல் அலுவலகத்துக்கு மனு எழுத ஆரம்பித்தாள். முதல் மனுவுக்குப் பதிலே இல்லை. இரண்டாவதற்கு, இது அங்கீகரிக்கப்பட்ட கருவி அல்ல என்று பதில். ஐந்தாவது மனுவுக்குப் பிறகு ஆட்கள் வந்து தண்ணீர் எடுத்துப் போனார்கள். ஆற்றுத் தண்ணீர் ஏறுகிற மேல்நிலைத் தொட்டியிலிருந்து எடுத்துப் போனார்கள். வீதிக்காரர்கள் குடிப்பது போர் தண்ணீர் என்று ஆறாவது மனுவில் எழுதினாள். தொட்டித் தண்ணீர் சுத்தமாக இருக்கிறது என்ற அறிக்கையை அதற்குப் பதிலாக அனுப்பி வைத்தார்கள். பதினான்காவது மனு எழுதும்போது, முதல் மனுவை வாங்கிய அதிகாரி ஓய்வு பெற்றுப் போயிருந்தார். புதியவர் எல்லாவற்றையும் முதலிலிருந்து அனுப்பச் சொன்னார்.

மனுக்கள் நகராத அதே காலத்தில் சீட்டு மட்டும் ஊர் ஊராக ஓடியது. ஊதா விளக்கு இல்லாத செல்போனே இப்போது இல்லை என்பதால் யார் வேண்டுமானாலும் சோதிக்கலாம் என்றாகிவிட்டது. கல்லூரியே கடைகளுக்கு விற்றது. நல்லதுதானே, எல்லா ஊரும் தன் தண்ணீரைத் தெரிந்துகொள்ளட்டும் என்று கோகிலவாணி நினைத்திருந்தாள். தரகர் வந்து போன அன்று அவளால் வகுப்பு எடுக்க முடியவில்லை. மாணவர்களுக்குப் பயிற்சிக் கணக்கு ஒன்றைக் கொடுத்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த வாரம் நாகமணி அவள் அறைக்கு வந்து கதவைச் சாத்தினார்.

"சுகந்திக்கு எடம் வந்திருக்குதுங். கோபிப் பக்கம். பையன் மின்வாரியத்துல இருக்கறான். நெம்ப நல்ல பையன்."

சுகந்தி நாகமணியின் ஒரே மகள். ஈரோட்டில் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை. "நல்ல சேதிதானே?" என்றாள் கோகிலவாணி.

"பையனோட அம்மா நீலச்சீட்டு கேக்குதுங். வர்ற வெள்ளிக்கெழமை வந்து அவங்க முன்னாடியே பாக்கோணுமாம்." நாகமணி முந்தானையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "அணையாத சீட்டு ஒண்ணு செஞ்சு குடுங்க மேடம். ஒண்ணே ஒண்ணு."

கோகிலவாணிக்கு அது எத்தனை சுலபம் என்று தெரியும். துகளின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு பூச்சு போதும். தண்ணீர் உள்ளே போகாது. சீட்டு நெருப்பில் போட்டாலொழிய அணையாது. தெரிந்ததனாலேயே அவளுக்குப் பதற்றமாக இருந்தது.

"நாகமணிக்கா, ஒரு சீட்டு பொய்யின்னு தெரிஞ்சா போதும். நம்ம மனு அத்தனையும் பொய்யின்னு சொல்லிருவாங்க. பேட்டரிக் கொட்டகைக்காரங்க அதுக்குத்தான் காத்துட்டு இருக்காங்க. இப்பத்தான் நம்ம சீட்டை வச்சே வீடு வீடா ஆய்வு பண்ண ஒத்துக்கிட்டிருக்காங்க. அடுத்த மாசம் வர்றாங்க. மூணு வருசம் கழிச்சு வர்றாங்க. இப்பப் போய்..."

"அப்ப உங்க காயிதம் பொய் சொல்லக்கூடாது" என்றார் நாகமணி. "எம்புள்ள வாழாம நின்னாலும் பரவால்ல."

"அப்படி நான் சொல்லல. நான் அந்தம்மாகிட்ட வந்து பேசறேன். எடுத்துச் சொல்றேன்."

"நீங்க பேசுனதத்தான் ஊரே பாத்துச்சே மேடம்."

கதவைத் திறந்துகொண்டு அவர் போய்விட்டார். வெள்ளிக்கிழமை என்ன ஆயிற்று என்று கேட்கக் கோகிலவாணிக்கு வாய் வரவில்லை. அதற்கடுத்த வாரம் சைக்கிள் கொட்டகையில் பெண்கள் சாக்லேட் கொடுத்தார்கள். சுகந்திக்கு நிச்சயம் ஆகிவிட்டதாம். கோகிலவாணி வாங்கி வாயில் போட்டுக்கொண்டாள். எப்படி என்று கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும் என்று பின்னால் பல நாள் நினைத்தாள்.

ஆய்வுக்கு வந்தவர் உதவிப் பொறியாளர் ஜெயசீலன். நிதானமான மனிதர். இரண்டு ஊழியர்கள் பெரிய பதிவேட்டோடு கூட வந்தார்கள். வீட்டு எண், குடும்பத் தலைவர் பெயர், குடியிருப்போர் பெயர், வயது, முடிவு என்று கட்டம் போட்டிருந்தது. பட்டியலை நகராட்சி வாசலில் ஒட்டுவது விதி என்றார். காலை பத்து மணி. பெண்கள் எல்லோரும் அவரவர் வாசலில் நின்றிருந்தார்கள். பின்னால் கொட்டகைகளிலிருந்து புகை வழக்கம்போல எழுந்துகொண்டிருந்தது.

முதல் வீட்டில் சீட்டு நீலமாக எரிந்தது. கோகிலவாணி விளக்கைச் சரிபார்த்தாள். இரண்டாவது வீட்டிலும் நீலம். மூன்றாவது வீட்டில் அவளே சொட்டு விட்டாள். தண்ணீர் சீட்டில் ஊறவில்லை. சேம்பு இலையில் விழுந்த மாதிரி உருண்டு நின்றது. குனிந்தபோது ஒரு வாசனை வந்தது. அவளுக்குத் தெரிந்த வாசனை. கல்லூரி விடுதியில் ஞாயிற்றுக்கிழமைகளில் பெண்கள் கூடி உட்கார்ந்தால் வருகிற வாசனை. நிறமில்லாத நகப்பூச்சு.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். எதிர்வீட்டு வாசலில் நாகமணி நின்றிருந்தார். பார்வையை விலக்கவில்லை. அவருக்குப் பக்கத்தில், அதற்குப் பக்கத்தில், வீதி நெடுக, சைக்கிள் கொட்டகையில் வேலை பார்த்த பெண்கள். யாருமே பார்வையை விலக்கவில்லை.

"மூணும் சுத்தமா இருக்கே மேடம்" என்றார் ஜெயசீலன். ஊழியர் எழுதத் தொடங்கினார்.

மூன்று வருடக் கோபமும் கோகிலவாணியின் நெஞ்சில் ஏறி நின்றது. இந்தச் சீட்டில் பூச்சு பூசியிருக்கிறார்கள் என்று ஒரு வாக்கியம் சொன்னால் போதும். தண்ணீரின் உண்மை பிழைக்கும். ஆனால் நாகமணி மேலும் எட்டுப் பெண்கள் மேலும் வழக்கு வரும். இதுவரை நீலமாக எரிந்த சீட்டை நம்பி நடந்த கல்யாணங்களை ஊர் ஒவ்வொன்றாகக் கிளறும். சொல்லாவிட்டாலோ, கிணத்துமேட்டுத் தண்ணீர் சுத்தம் என்று அரசாங்கமே முத்திரை குத்திக் கொடுத்துவிடும். அதற்குப் பிறகு பதினான்கு என்ன, நூற்றுநாற்பது மனு எழுதினாலும் ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

"சார், எழுதாதீங்க" என்றாள். "இந்தச் சீட்டு சரியில்லை. எரிஞ்சாலும் நம்ப முடியாது, அணைஞ்சாலும் நம்ப முடியாது. தயாரிப்புல கோளாறு. என் தப்பு."

ஜெயசீலன் ஊழியரின் கையைத் தடுத்தார். "இதுவரைக்கும் நீங்க குடுத்த மனு எல்லாத்துக்கும் ஆதாரம் இந்தச் சீட்டுதானே மேடம்?"

"ஆமா."

"எழுதித் தர்றீங்களா?"

ஜீப்பின் முன்பக்கத்தில் தாளை வைத்து எழுதிக் கையெழுத்துப் போட்டாள். ஜெயசீலன் வண்டியில் ஏறுவதற்கு முன் தயங்கி நின்றார். "நானும் இங்க மூக்க வச்சிட்டுத்தான் நிக்கறேன் மேடம். புகை எனக்கும் தெரியுது. காகிதத்த வச்சு ஒண்ணும் பண்ண முடியாது. இங்க குடியிருக்கறவங்க ஒருத்தர், ஒரே ஒருத்தர், பேரு முகவரியோட ரத்த அறிக்கை குடுத்தா நான் பதிவு பண்ணியே ஆகணும். தட்டிக்கழிக்கச் சட்டத்துல வழி இல்லை. ஆனா யாரு குடுப்பா?"

ஜீப் போய்விட்டது.

மறுநாளே செய்தித்தாளில் வந்தது: பேராசிரியை கண்டுபிடிப்பு போலி, அவரே ஒப்புதல். கல்லூரி முதல்வர் விளக்கம் கேட்டுக் கடிதம் கொடுத்தார். சைக்கிள் கொட்டகைக்குப் பூட்டு விழுந்தது. நாகமணிக்கும் எட்டுப் பெண்களுக்கும் வேலை போயிற்று. பேட்டரிக் கொட்டகைக்காரர்கள் வீதிமுனையில் லட்டு கொடுத்தார்களாம். கடைகளில் நீலச்சீட்டைக் கட்டுக்கட்டாகக் குப்பையில் கொட்டினார்கள். குப்பையிலிருந்து வந்தது மறுபடியும் குப்பைக்கே போய்ச் சேர்ந்தது.

கோகிலவாணி நாகமணி வீட்டுக்குப் போனாள். உள்ளே போகாமல் வாசலிலேயே நின்று கேட்டாள்.

"எத்தனை நாளா?"

"நாலு மாசமாங். மொதல்ல கட்டுக்கு ஒண்ணு ரெண்டு. எங்க வீதிப் புள்ளைங்களப் பாக்க வர்ற ஊரு எதுன்னு தெரிஞ்சா, அந்த ஊருக்குப் போற கட்டு முழுக்க."

"அப்ப என்கிட்ட வந்து ஏன் கேட்டீங்க?"

"நீங்களே செஞ்சு குடுத்தா மனசு உறுத்தாதுன்னுங்." நாகமணி தலையைக் குனிந்துகொண்டார். உடனே நிமிர்ந்தார். "தெரியாமத்தான் கேக்கறேன் மேடம். பதினாலு மனு குடுத்தீங்களே, வீடு வீடாப் பேரு போட்டு ஒட்டுனா எங்க புள்ளைங்க கதி என்னாகும்னு ஒரு நாளாவது எங்களக் கேட்டீங்களா? நீங்க சாயங்காலமானா ஆசிரியர் காலனிக்குப் போயர்றீங்க. ஒட்டுன பேரோட இங்க இருக்கப்போறது நாங்க."

கோகிலவாணிக்கு ஆத்திரமாக வந்தது. இவர்களுக்காகத்தானே இத்தனையும் என்று கத்தவேண்டும் போல இருந்தது. கத்தாமல் திரும்பி நடந்தாள். பாதி வழியில், அந்தக் கேள்வி உறைத்தது. கேட்கவில்லைதான். ஒரு நாளும் கேட்கவில்லை.

இரண்டு நாள் கழித்துச் சுகந்தி அவள் வீட்டுக்கு வந்தாள்.

"அம்மா மேல கோவிச்சுக்காதீங்க மேடம். பூச்சு யோசனை என்னுதுதான்." நாற்காலி நுனியில் உட்கார்ந்திருந்தாள். "என் ரத்தத்த நானே எங்க லேப்ல பாத்துட்டேன். அளவுக்கு மேல இருக்கு. டாக்டர்கிட்டயும் போனேன். அந்தத் தண்ணிய விட்டு வந்து, மருந்து சாப்பிட்டா குறையும்னாரு. அவர்கிட்டயும் சொல்லிட்டேன்."

"மாப்பிள்ளைகிட்டயா? என்ன சொன்னாரு?"

"'எங்கம்மாவுக்குச் சொல்லாதே'ன்னாரு." சுகந்தி சிரித்தாள், கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அறிக்கைய உங்ககிட்ட குடுத்துரலாம்னு ரெண்டு நாளா யோசிக்கறேன். முடியல மேடம்."

"குடுக்காதே" என்றாள் கோகிலவாணி. சொன்னபோதுதான் தான் என்ன செய்யப்போகிறோம் என்பது அவளுக்குத் தெரிந்தது.

நாற்பத்தாறு வயது. பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் உட்கார மறுத்து எழுந்து வந்து இருபது வருடமாயிற்று. அவள் பெயரை எந்த வாசலில் ஒட்டினாலும் எந்தக் கல்யாணமும் நிற்காது. அடுத்த மாத முதல் தேதி கிணத்துமேட்டு வீதியில் ஒன்பதாம் எண் வீட்டுக்குக் குடிபோனாள். ஒரு அறை, ஒரு சமையலறை, ஒரு போர் குழாய். வீதி முழுக்க வாசலுக்கு வந்து வேடிக்கை பார்த்தது.

முதல் நாளே சுகந்தி வந்து ரத்தம் எடுத்துக்கொண்டு போனாள். "இப்ப சுத்தமாத்தான் இருக்கும். மூணு மாசம் கழிச்சு மறுபடி எடுக்கோணும். வேண்டாம் மேடம், யோசிங்க" என்று மூன்று தடவை சொன்னாள். கோகிலவாணி குழாய்த் தண்ணீரில் காபி போட்டுக் குடித்தாள். ருசியில் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

ஐந்தாம் நாள் காலை நாகமணி வந்தார். இருபது லிட்டர் தண்ணீர் கேனை இடுப்பில் வைத்து எடுத்து வந்திருந்தார். வாசலில் இறக்கி வைத்து மூச்சு வாங்கினார். ஆய்வு நாளுக்குப் பிறகு அவராக அவளைத் தேடி வருவது இதுதான் முதல் தடவை.

"இதக் குடிங்க" என்றார்.

"இதக் குடிச்சா ரத்தத்துல எப்படித் தெரியும்க்கா?"

"தெரியோணும்னு ஒண்ணும் இல்ல." நாகமணி உள்ளே வந்து பாயில் உட்கார்ந்தார். ஜன்னல் ஓரத்தில் இருந்த பதினைந்தாவது மனுவைப் பார்த்தார். பாதிக்கப்பட்டோர் பெயர் என்ற இடத்தில் கோகிலவாணியின் பெயர் மட்டும் இருந்தது. "உங்களுக்கு ஏற இன்னும் மூணு மாசம் ஆகும். எனக்கு முப்பது வருசமா ஏறியிருக்குது."

கோகிலவாணி எதிரில் உட்கார்ந்தாள்.

"சுகந்தி கல்யாணம் பதினெட்டாந் தேதி. பத்தொம்பதாந் தேதி காலையில வர்றேன். ஊசியக் குத்தி எத்தனை வேணுமோ எடுத்துக்கங்க. பேரு, ஊரு, வீதி எல்லாம் போட்டுக்கங்க."

"பட்டியல்ல ஒட்டுவாங்கக்கா. சம்பந்தி வீட்டுக்குத் தெரியும்."

"தெரியட்டும். தாலி ஏறினதுக்கப்பறம் பேசட்டும். நானும் பேசறேன்."

"மத்த வீட்டுல? இன்னும் எத்தனை பொண்ணுங்க இருக்காங்க?"

நாகமணி எழுந்து அடுப்படிக்குப் போனார். பாத்திரத்தில் பிடித்து வைத்திருந்த குழாய்த் தண்ணீரை எடுத்துத் தொட்டியில் கவிழ்த்தார். கேனைச் சாய்த்து அதே பாத்திரத்தை நிரப்பினார். அடுப்பைப் பற்றவைத்துவிட்டு, "சர்க்கரை எங்க வச்சிருக்கீங்?" என்று கேட்டார்.